மறைந்த புதைகுழிகளை வரைபடத்தால் நெருங்குவது: சாட்சியத்திலிருந்து நிலத்தடி ரேடார் வரை

எந்தக் கருவியும் மண்ணுக்கடியில் கிடக்கும் எலும்பைக் காட்டித் தருவதில்லை. செய்மதிப் படம், ட்ரோன், நிலத்தடி ரேடார் எல்லாமே காட்டுவது ஒன்றைத்தான்: இந்த இடத்து மண் பக்கத்து மண்ணைப் போல இல்லை. வெட்டி மூடிய குழி, பட்டுப்போன பனையின் வேர்க்கட்டு, பழைய மலக்குழி, எப்போதோ ஓடிய வாய்க்கால் எல்லாம் அப்படித்தான் தெரியும். ஆகவே வரைபடத்தின் வேலை தேட வேண்டிய பரப்பைச் சுருக்குவது. எங்கே தோண்டத் தேவையில்லை என்று சொல்வது. இதை மறந்தவர்கள் முதல் நாளே ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று அறிவித்துவிட்டு, பிறகு குடும்பங்களின் முகத்தில் விழிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

இந்த வழிகாட்டி இலங்கையின் வடக்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. யாழ்ப்பாண நகருக்கு அருகே செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற உத்தரவின் கீழ் தொடங்கிய அகழ்வில் அதே ஆண்டு இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அடுத்து எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்கச் செய்மதிப் படங்களும் ட்ரோன் படங்களும் உதவின. ஆகஸ்டில் ரேடாரும் இறக்கப்பட்டது. வழிமுறை வேறு நாடுகளுக்கும் பொருந்தும். மண்ணும் சட்டமும்தான் மாறும்.

தொடங்குமுன்: சட்டமும் கண்ணிவெடியும்

புதைகுழி என்று ஐயப்படும் நிலம் குற்றம் நடந்த இடம். நீதவானின் உத்தரவில்லாமல் அங்கே ஒரு கம்பியைக் கூட இறக்கக்கூடாது. தோண்டுவது சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் சேர்ந்து செய்யும் வேலை. குடும்ப அமைப்புகளும் மாணவர்களும் தன்னார்வலர்களும் செய்யக்கூடியது சாட்சியம் திரட்டுவது, படம் ஒப்பிடுவது, வரைபடம் தயாரிப்பது. சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான ஐ.நா. வழிகாட்டியான, 2016இல் திருத்திய மினசோட்டா நெறிமுறையையும், புதைகுழிப் பாதுகாப்புக்கென்றே 2020இல் வந்த போர்ன்மத் நெறிமுறையையும் குழுவில் ஒருவராவது முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

வடக்கில் இன்னொன்று: கண்ணிவெடி அகற்றிய சான்று இல்லாத காணியில் கால் வைக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். கடிதங்களின் பிரதியைக் களத்துக்குக் கொண்டு போங்கள்.

1. சாட்சியத்தைப் புள்ளியாக்காதீர்கள், பரப்பாக்குங்கள்

எல்லாத் தேடலும் யாரோ ஒருவர் சொன்னதிலிருந்துதான் தொடங்குகிறது. செம்மணி விவகாரமே 1998இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்து தொடங்கியது. 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டதாக அவர் சொன்னார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15. சொன்ன தொகைக்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ‘சொன்னது பொய்’ என்பது ஒரு முடிவு. ‘தேடிய இடம் போதாது’ என்பது இன்னொன்று. எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை என்று துல்லியமான வரைபடம் இருந்தால்தான் இரண்டில் எது என்று பேசவே முடியும்.

சாட்சியிடம் ‘எத்தனை அடி தூரம்’ என்று கேட்காதீர்கள். எவ்வளவு நேரம் நடந்தீர்கள், வழியில் என்ன இருந்தது, வாகனம் எங்கே திரும்பியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, காலடியில் மணலா சேறா என்று கேளுங்கள். மதகு, ஒழுங்கை, வடலிக் கூட்டம், துரவு, தரவை, வயல் வரம்பு, கோயில் மணிக்கூடு போன்ற நகராத அடையாளங்கள் பொன்னானவை. வேலியும் கிடுகுக் கொட்டிலும் முப்பது வருடத்தில் இடம் மாறியிருக்கும். இயன்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக இடத்துக்கு அழைத்துப் போங்கள். கூட்டமாகப் போனால் முதலில் கை நீட்டியவரின் நினைவே எல்லோருக்கும் நினைவாகிவிடும்.

ஜி.ஐ.எஸ். எனப்படும், இடத்தரவை வரைபடமாக்கும் மென்பொருளில் ஒவ்வொரு கூற்றையும் ஒரு பரப்பாக வரையுங்கள். ‘மதகுக்குத் தெற்கே ஐந்து நிமிட நடை’ என்றால் மதகை மையமாக வைத்து 250 முதல் 450 மீட்டர் வரை, தென்கிழக்கு தொடங்கித் தென்மேற்கு வரை ஒரு விசிறி. பகலில் கண்டவரா இரவில் கேட்டவரா, நேரில் பார்த்தவரா பிறர் சொல்லக் கேட்டவரா என்பதற்கு அட்டவணையில் தனித்தனி நிரல் வையுங்கள். சாட்சியின் பெயர் அந்தக் கோப்பில் வரவே கூடாது; குறியீட்டு எண் மட்டும். பெயர்ப் பட்டியல் வேறொரு பூட்டிய கோப்பில், வேறொருவர் கையில் இருக்கட்டும்.

2. ஒரே அளவை முறைக்குள் கொண்டு வருதல்

எல்லா வரைபடங்களின் இட எண்களையும், அதாவது ஆள்கூறுகளையும், ஒரே முறையில் வைக்கும் சலிப்பான படி இது. ஆனால் அதிகம் பிழைப்பதும் இங்கேதான். இலங்கையின் பழைய நிலஅளவை வலையில் மூலப்புள்ளிக்கு 2,00,000 மீட்டர் என்று இலக்கம் தந்திருக்கிறார்கள். 1999இல் வந்த புதிய வலையில் அதே மூலத்துக்கு 5,00,000. இரண்டிலுமே ஆறு இலக்க எண்தான் வரும் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கைப்பேசி ஜி.பி.எஸ். தருவதோ மூன்றாவது முறை. பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கைப்பேசியில் போட்டால் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழும். பிறகு எவ்வளவு நுணுக்கமாக ரேடார் ஓட்டினாலும் ஓட்டுவது அடுத்தவர் காணியில்.

கியூஜிஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். திட்டத்தின் அளவை முறையாக, உலகை நீள்பட்டைகளாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையின் 44 வடக்குப் பட்டையை வையுங்கள், முழு இலங்கையும் அதற்குள் அடங்கும். நிலஅளவைத் திணைக்களத் தாள்களையும் காணி உறுதிப் படங்களையும் 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து பொருத்துங்கள். கணக்குக்கு மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தாளிலும் நிலத்திலும் ஒன்றே என்று தெரிந்த இடங்கள்) போதும், நம்பிக்கைக்கு எட்டுப் பத்தாவது வேண்டும். அவை தாளின் ஒரு மூலையில் குவியாமல் பரவியிருக்க வேண்டும். மீதிப் பிழை எவ்வளவு என்று மென்பொருள் காட்டும் எண்ணைத் தாளின் பெயரோடு எழுதி வையுங்கள். 12 மீட்டர் பிழையுள்ள தாளில் 2 மீட்டர்க் குழியைக் குறிப்பதில் பொருளில்லை.

3. காலத்தைப் பின்னோட்டிப் பார்த்தல்

பொஸ்னியாவில், வெவ்வேறு தேதிகளில் எடுத்த வான்படங்களை ஒப்பிடும் இந்த வழி நீதிமன்றம் வரை போனது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நடந்தது. ஆகஸ்டு 10ஆம் தேதியே அமெரிக்கா வான்வழிப் படங்களைப் பாதுகாப்புச் சபையில் காட்டியது. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. செப்டெம்பர், ஒக்டோபரில் கொலையாளிகளே முதல் புதைகுழிகளை இயந்திரங்களால் மறுபடி தோண்டி, உடல்களை வேறு பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டு போய்ப் புதைத்தார்கள். ஒரே ஆளின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தது அதனால்தான். வெவ்வேறு தேதிப் படங்களை ஒப்பிட்டபோது ‘முதலில் இங்கே மண் கிளறப்பட்டது, பிறகு மறுபடியும் கிளறப்பட்டது, அதே நாட்களில் அங்கேயும்’ என்ற வரிசை தெரிந்தது.

அதே எதிர்பார்ப்போடு செம்மணிக்கு வந்தால் ஏமாற்றம். சம்பவ காலம் 1990களின் நடுப்பகுதி. பொதுமக்கள் வாங்கக்கூடிய ஒரு மீட்டர்த் துல்லியப் படம் 1999இல் இகோனோஸ் செய்மதி பறந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன் கிடைத்தவற்றில் ஒன்று 1995 டிசம்பரில் விண்ணுக்குப் போன இந்தியச் செய்மதி ஐ.ஆர்.எஸ்.-1சி தந்த 5.8 மீட்டர்ப் படம். அதில் ஒரு குழி தெரியாது. புதிதாக வந்த காவலரண், வெட்டிய பாதை, தரிசான வயல் தெரியும். அதுவே போதுமான தடயம். எங்கே வாகனம் போக முடிந்தது, எங்கே ஆள் நடமாட்டமில்லை என்பதை அது சொல்லிவிடும். 2009 முள்ளிவாய்க்கால் காலத்துக்கு நிலைமை வேறு. அப்போது அரை மீட்டர் அளவிலான வணிகப் படங்கள் இருந்தன. அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் அவற்றைக் கொண்டு புதைகுழி வரிசைகளையே ஆராய்ந்தது.

கூகுள் ஏர்த் ப்ரோவின் பழைய படங்களை ஒவ்வொரு தேதியாக இறக்கி, நகராத கட்டடங்களை வைத்து ஒன்றோடொன்று பொருத்துங்கள். தேதிக்குத் தேதி ஐந்தாறு மீட்டர் நகர்ந்திருக்கும். பார்க்க வேண்டியவை: சுற்றிலும் பச்சையாக இருக்கையில் வெளிறிய திட்டு, எங்கும் முடியாத டயர்த் தடம், நேர்க்கோட்டு ஓரம் கொண்ட புல்வெளி. முதலாண்டில் வெறும் மண்ணாகத் தெரிந்த இடம் அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தை விடக் கொழுத்து வளர்வதுண்டு. சிற்றளவுப் பச்சை வேறுபாட்டுக்கு அகச்சிவப்புப் பட்டையிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் தாவரச் சுட்டெண் உதவும். ஆனால் சென்டினல்-2 செய்மதிப் படத்தின் ஒரு கட்டமே 10 மீட்டர். தனிக்குழி அதில் கரைந்துபோகும்.

4. எங்கே சாத்தியம், எங்கே சாத்தியமில்லை

யாழ் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். பல இடங்களில் மண் முழங்கால் ஆழம்கூட இல்லை. கையால் வெட்டியவர்கள் அங்கே ஆழக்குழி வெட்டியிருக்க மாட்டார்கள். மணலையும் சதுப்போரத்தையும் பழைய கிணற்றையும்தான் தேடிப் போயிருப்பார்கள். தடயப் புவியியலாளர்கள் நிலத்தை மூன்று நிறங்களில் பிரிப்பார்கள்: தோண்டவே முடியாதது, சிரமப்பட்டால் முடிவது, எளிதில் முடிவது. முதலில் இந்த மூன்று நிறத்தையும் பூசுங்கள். பாதித் தேடல் பரப்பு அப்போதே கழிந்துவிடலாம்.

பிறகு மற்ற அடுக்குகள். வாகனம் போன பாதையிலிருந்து தூரம்: இறந்த உடலைச் சுமந்து வெகுதூரம் நடப்பவர் குறைவு, 50 மீட்டருக்குள் முழு மதிப்பெண் தரலாம். அருகிலிருந்த வீடுகளிலிருந்து பார்வை மறைவு: நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயர மாதிரி இருந்தால் கியூஜிஸ் கணக்கிட்டுத் தரும், ஆனால் அன்றைக்கு இருந்த வீடுகளைப் போடுங்கள், இன்றைக்கு இருப்பதை அல்ல. நிலத்தடி நீர் மட்டம், காவலரண் அருகாமை, சாட்சிய விசிறிகள் எத்தனை ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பது. எல்லாவற்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பிட்டு எடைபோட்டுக் கூட்டினால் ஒரு சாத்திய வரைபடம் வரும்.

எடையை நீங்கள்தான் முடிவு செய்தீர்கள் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வோர் எடையையும் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் மேலே வந்து நிற்கும் இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். ஒரே ஓர் எடையை நம்பி மேலே நிற்கும் திட்டு, அதைப் போட்டவரின் ஊகம் மட்டுமே.

5. ட்ரோன்

ஓர் அங்குல சென்சாரும் 8.8 மி.மீ. லென்சும் கொண்ட சாதாரண ட்ரோன் 40 மீட்டர் உயரத்தில் ஒரு படப்புள்ளிக்கு ஏறத்தாழ 1.1 செ.மீ. தரும். அடுத்தடுத்த படங்கள் முன்னும் பின்னும் 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தரையில் குறைந்தது ஐந்து இலக்குப் பலகைகள், நான்கு மூலையிலும் நடுவிலும். அவற்றின் நிலையைத் துல்லிய ஜி.என்.எஸ்.எஸ். (செய்மதி இடங்காட்டி) கருவியால் 2, 3 செ.மீ.க்குள் அளக்க வேண்டும். பலகை வைக்காமல் பறந்தால் மாதிரி கிண்ணம் போல வளையும். பத்து செ.மீ. பள்ளத்தைத் தேடுகிற வேலையில் அந்த வளைவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

நேரம் முக்கியம். காலை ஆறரை, ஏழு மணிச் சாய்வெயிலில் சிறு பள்ளமும் நிழல் காட்டும். நடுப்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். பருவத்தில் இருமுறை பறங்கள்: மாரி ஓய்ந்து மண் காயத் தொடங்கும் தை, மாசியில் ஒன்று, புல் கருகிய ஆடியில் இன்னொன்று. மூடிய குழி ஈரத்தைப் பக்கத்து மண்ணைவிட நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கலாம், அல்லது சீக்கிரமே விடலாம். எது என்பது மண்ணைப் பொறுத்தது. கிடைத்த உயர மாதிரியை எட்டுத் திசையிலிருந்து ஒளி பாய்ச்சிய நிழல்படங்களாக மாற்றிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் அந்தத் திசைக்கு இணையான பள்ளம் மறைந்துவிடும்.

ஈச்சம் பற்றையும் நாயுருவியும் மூடிய இடத்தில் சாதாரணக் கேமரா பற்றையைத்தான் அளக்கும். அங்கே லேசர் துடிப்பால் அளக்கும் லைடார் வேண்டும், அல்லது நடக்க வேண்டும்.

6. நடந்து பார்த்தல்

ஒரு மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, இருவர் எதிர்த்திசையில் நடந்து, பார்த்ததற்கெல்லாம் கொடி குத்துங்கள். தொடாதீர்கள். அமிழ்ந்த மண், ஓரவெடிப்பு, மேலே கிடக்கக் கூடாத அடிமண் நிறம், சுண்ணாம்புத் துண்டு, துணி. மெக்சிகோவில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, இழுத்து, நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். பலவற்றை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் பல்லாண்டு கடந்த குழியில் வாடை இராது. கம்பி எலும்பையும் உடைக்கும். இங்கே அதற்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

7. நிலத்தடி ரேடார்

மண்ணுக்குள் மின்காந்தத் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவதே இதன் வேலை. புதைகுழிக்கு 400 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் அன்டெனா பொருத்தம். காய்ந்த மணலில் இரண்டு மீட்டருக்கு மேலும் பார்க்கும். ஈரக் களியில் ஒரு மீட்டரைத் தாண்டுவதே கடினம். உப்பு நீர் ஊறிய மண்ணில் துடிப்பு உள்ளே போன வேகத்தில் செத்துவிடும். செம்மணிப் பக்கம் உப்பளமும் கடனீரேரியும் கூப்பிடு தூரத்தில் என்பதால், கருவியை வாடகைக்கு எடுக்கும் முன்பே மண்ணின் மின்கடத்து திறனைச் சில இடங்களில் அளந்து பாருங்கள். சேற்று உப்புநிலத்தில் ‘ரேடாரில் ஒன்றும் இல்லை’ என்றால் அதற்குப் பொருள் ‘ரேடார் பார்க்கவில்லை’ என்பதே.

கோடுகளின் இடைவெளி 25 செ.மீ. குழந்தைகளின் குழிகளும் இருக்கலாம் என்றால் அரை மீட்டர் இடைவெளி போதாது. யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு 253 சதுர மீட்டர், ஏறத்தாழ 16க்கு 16. அதில் ஒரு திசைக்கு 65 கோடுகள், மொத்தம் 1,040 மீட்டர் இழுவை. குறுக்குத் திசையிலும் ஓட்டினால் இரட்டிப்பு. குழியின் நீளவாக்கு தெரிந்தால் அதற்குக் குறுக்காக ஓட்டுங்கள். தெரியாவிட்டால் இரு திசையும் கட்டாயம். ஓட்டுமுன் புல்லை ஒட்ட வெட்டுங்கள். அன்டெனா தரையை விட்டு எழும்பினால் அந்த இடமே ஒரு போலிக் குழியாகத் தெரியும்.

ஆழம் எப்படி வருகிறது? துடிப்பு போய்வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம். 40 நானோநொடியில் வந்த எதிரொலி, வேகம் நானோநொடிக்கு 0.10 மீட்டர் என்றால் 2 மீட்டர் ஆழம். மண் நனைந்து வேகம் 0.06 ஆகியிருந்தால் அதே எதிரொலி 1.2 மீட்டர்தான். வேகத்தை மென்பொருளின் இயல்பு மதிப்பில் விட்டுவிட்டு ஆழம் சொல்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தெரிந்த ஆழத்தில் புதைத்த இரும்புக் கம்பி ஒன்றின் மேல் ஓட்டி வேகத்தைச் சரிபாருங்கள், ஒவ்வொரு நாளும், மழைக்குப் பின் மறுபடியும்.

பார்க்க வேண்டியது எலும்பின் எதிரொலியை அல்ல. அடுக்கடுக்காக ஓடிவரும் மண்கோடுகள் ஓரிடத்தில் அறுந்து, அரை மீட்டரோ இரண்டு மீட்டரோ கழித்துத் தொடர்ந்தால் அது வெட்டு. அதே அறுந்த இடம் பக்கத்துக் கோடுகளிலும், ஒவ்வோர் ஆழத்தையும் மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும் ஆழவாரி வெட்டுப்படங்களிலும் நீள்சதுரமாக வந்தால் ஐயம் வலுக்கும். ஒரே கோட்டில் மட்டும் கவிழ்ந்த கிண்ணம் போல ஒன்று நின்றால் பெரும்பாலும் கல் அல்லது வேர். கோட்டுக்குக் கோடு நீண்டு கொண்டே போனால் குழாய்.

ரேடார் தோற்கும் இடத்தில் மண்ணின் மின்தடையை அளக்கலாம். பிரித்தானியாவில் பன்றிகளைப் புதைத்துப் பல ஆண்டு அளந்த சோதனைகளில், திறந்து புதைத்த உடலின் கசிவு தடையைக் குறைத்தது. பொலித்தீனில் சுற்றியது தடையைக் கூட்டியது. ஆகவே ‘குறைவு’ மட்டும் தேடாதீர்கள். உப்புநிலத்தில் இந்த வேறுபாடும் மங்கிவிடும்.

8. பெயரிடுவதில் கவனம்

கனடாவில் கம்லூப்ஸ் பூர்வகுடி விடுதிப் பள்ளி வளாகத்தில் 2021இல் ரேடார் ஓட்டியபோது 215 பிள்ளைகளின் எச்சங்கள் என்ற செய்தி உலகெங்கும் போனது. அங்கே முன்பே அகழ்ந்திருந்த பகுதியைக் கழித்து, ஏறத்தாழ 200 ‘சாத்தியமான’ இடங்கள் என்று ஆய்வாளர் திருத்தினார். 2023இல் மனிடோபாவின் பைன் க்ரீக்கில் தேவாலய நிலவறையில் ரேடார் காட்டிய 14 இடங்களைத் தோண்டியபோது மனித எச்சம் எதுவும் இல்லை. இதனால் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் இறந்தது பொய்யாகிவிடவில்லை. ஆனால் மறுப்பவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது அந்த அவசரச் சொல்தான்.

ஆகவே அறிக்கையில் ‘மாறுபாடு’ என்று மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், மைய ஆள்கூறு, நீள அகலம், ஆழ மதிப்பீடு, எத்தனை கருவிகளில் தெரிந்தது, வேறு என்னவாக இருக்கலாம் என்று ஒரு வரி. இரண்டு தனிமுறைகளிலும் சாட்சியத்திலும் வருவது முதல் தரம். ஒரு கருவியில் மட்டும் தெரிவது மூன்றாம் தரம். மயானத்துக்குள் தேடும்போது சட்டப்படி அடக்கம் செய்த குழிகளின் பதிவேட்டையும் மேலே போட்டுப் பாருங்கள்.

வயதையும் வரைபடம் சொல்லாது. மன்னாரில் சதோச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. 2019இல் கரிமக் காலக்கணிப்பு அனுப்பிய மாதிரிகள் பல நூற்றாண்டு பழையவை என்றது. அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு. எப்படியானாலும் காலம் பேசுவது ஆய்வகத்தின் வேலை, ஆள்கூறுகளின் வேலை அல்ல.

9. தோண்டிய பிறகும் வரைபடத்துக்கு வேலை உண்டு

தொல்லியலாளர் மேல்மண்ணைச் செ.மீ. செ.மீ.யாகச் சீவும்போது குழியின் விளிம்பு நிறவேறுபாடாகத் தெரியும். அந்த விளிம்பை உங்கள் மாறுபாட்டின் மேல் வரைந்து பாருங்கள். வெறுமையாக வந்த இடங்களை நீக்காதீர்கள். ரேடாரில் அவை எப்படித் தெரிந்தன என்பதே அடுத்த பரப்பைப் படிக்கக் கற்றுத்தரும் பாடநூல். எடைகளையும் அதன்படி திருத்துங்கள்.

துல்லிய ஆள்கூறுகளை வெளியிடாதீர்கள். இன்னும் தோண்டாத குழியின் இடம் வெளியானால் என்ன நடக்கும் என்று பொஸ்னியாவின் இயந்திரங்கள் காட்டின. பொதுவெளிக்கு ஒரு கிலோமீட்டர்க் கட்டம் போதும். குடும்பங்களுக்குச் செய்தி பத்திரிகைக்கு முன்னால் போக வேண்டும். மூலத்தரவின் பிரதிகள் இரண்டு, வெவ்வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும், கோப்பு மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண் எடுத்து நீதிமன்றத்தில் ஒப்படையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் களத்தை மூட நேரும். கட்டத்தின் நான்கு மூலையிலும் நெளியாத இரும்பு முளையை 60 செ.மீ. இறக்கி, தலை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும்படி சிமெந்து போட்டு, அவற்றின் ஆள்கூறுகளையும் அருகிலுள்ள மதகு, கிணற்றுக்கட்டு இரண்டிலிருந்து நாடாவால் அளந்த தூரத்தையும் எழுதி வையுங்கள். மரமுளையை மாடு மிதிக்கும், வெள்ளம் கொண்டு போகும், விறகுக்கும் யாராவது எடுப்பார்கள். அப்படிப் போனால் தை மாதத்தில் திரும்பி வருபவர்கள் கட்டத்தை முதலிலிருந்து அளக்க வேண்டிவரும்.